பற்றரி மாற்றும் நேரம்

கல்குலேற்றரின் பற்றரியைக் கழற்றினால் அதற்குள் பதிந்து வைத்ததெல்லாம் அழிந்து போகுமா? பார்ப்பதற்குச் சின்னப்பிள்ளைக் கேள்வி. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் தெரியாததால் ஒரு தாயின் குரலை மகன் ஐந்து வருடங்கள் கேட்க முடியாமற் போன கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முதல் கொஞ்சம் சாமான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. விஞ்ஞானம் படித்த நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். படிக்காதவர்கள் பயப்படாமல் தொடர்ந்து வாசிக்கலாம்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்த காலத்தில் பரீட்சைக்குள் கல்குலேற்றர் கொண்டு போக முடியாது. மடக்கை அட்டவணைதான். ஆனால் வீட்டில் வைத்துக் கணக்குச் சரிபார்க்க, சவூதிக்கோ சிங்கப்பூருக்கோ போன யாராவது மாமா கொண்டுவந்து தந்த கல்குலேற்றர் ஒன்று ஒழுங்கைக்கு ஒன்றாவது இருக்கும். ஒழுங்கைப் பெடியள் எல்லோரும் அந்த வீட்டுத் திண்ணையில்தான்.

1990 ஆனியில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. அதோடு பொருளாதாரத் தடையும் வந்தது. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பெற்றோல், சீமெந்து, உரம் என்பவற்றோடு பற்றரியும் இருந்தது. கண்ணிவெடிக்கு உதவும் என்பது அரசாங்கத்தின் நியாயம். ஒரு பென்ரோச் பற்றரியை ஓமந்தைப் பக்கத்தால் ஒளித்துக் கொண்டுவந்தவன் அந்தக் காலத்தில் கஞ்சா கடத்தியவனைவிடப் பெரிய குற்றவாளி. சனம் சும்மா இருக்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலி கேட்டது. செத்த பற்றரியை வெயிலில் காயப்போட்டது. ஆணியால் துளைபோட்டு உப்புத் தண்ணீர் விட்டது. இரவில் பிபிசி தமிழோசை முடியும்வரை அந்தப் பற்றரி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம்.

இந்தத் தடைக்குள் ஒரேயொரு இலத்திரனியற் சாமான் மட்டும் யாரையும் கேட்காமல் வேலை செய்தது. அதுதான் சூரிய ஒளிக் கல்குலேற்றர். சூரியன்மீது எந்த அரசாங்கத்தாலும் தடைபோட முடியவில்லை. பகலில் அது ராசா. இரவில் ஜாம்போத்தல் விளக்கின் கீழே கொண்டு போனால் இலக்கங்கள் வெளிறி, பிறகு கோடு கோடாகி, பிறகு ஒன்றுமில்லை. எம் பிளஸ் பொத்தானை அமத்தி ஒரு தொகையைப் பதிந்து வைத்துவிட்டு, அந்தக் கறுப்புக் கண்ணாடித் துண்டை விரலால் மூடி எடுத்தால் பதிந்தது போய்விடும். மின்சாரம் இருக்கும்வரைதான் அதற்கு ஞாபகம். அதை நாங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை, விரலால் படித்தோம்.

ஏன் அப்படி? கல்குலேற்றருக்குள் இலக்கங்கள் எழுதி வைக்கப்படுவதில்லை. பிடித்து வைக்கப்படுகின்றன. இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். அவ்வகை நினைவகத்தில் ஒரு துளி தகவலை வைத்திருக்க வழக்கமாக ஆறு டிரான்சிஸ்டர்கள் தேவை. இரண்டு பேர் எதிரும் புதிருமாக ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நிமிர்ந்தால் மற்றவர் குனிவார். இடதுகைக்காரர் நிமிர்ந்திருந்தால் அது ஒன்று, வலதுகைக்காரர் நிமிர்ந்திருந்தால் அது பூச்சியம். இருவருக்கும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டிருந்தால் வருடக்கணக்கில் அப்படியே நிற்பார்கள். சோற்றை நிறுத்தினால் இருவரும் விழுந்துவிடுவார்கள். திரும்பச் சோறு போட்டால் எழும்புவார்கள், ஆனால் யார் நிமிர்ந்திருந்தது என்பது இருவருக்கும் ஞாபகம் இருக்காது. அந்தச் சோறுதான் பற்றரி. மிகக் குறைந்த மின்னோட்டம் போதும். சும்மா நிற்பதற்கு ஒரு அம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதுமானது. ஆனால் அது அறவே நிற்கக்கூடாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த கல்குலேற்றர்களுக்கு இந்த வசதியும் இல்லை. நிறுத்தினால் எல்லாம் போச்சு. 1974 இல் ஹியூலெற் பக்கார்ட் வெளியிட்ட எச்.பி-65 இல் எழுதிய கட்டளைகளைச் சின்னக் காந்த அட்டையொன்றில் பதிந்து வைத்துக்கொள்ளலாம், திரும்பத் தேவையென்றால் அட்டையை உள்ளே இழுக்கக் கொடுக்க வேண்டும். 1976 இல் அதே நிறுவனம் எச்.பி-25சி என்று ஒன்றை விட்டது. அந்தச் சி என்ற எழுத்துத் தொடரும் நினைவைக் குறிக்கிறது. நிறுத்தினாலும் அழியாது. உண்மையில் அது முழுதாக நிறுத்தப்படவில்லை என்பதுதான் அதன் இரகசியம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சோறு போய்க்கொண்டே இருந்தது.

அப்படியானால் பற்றரியையே மாற்றும்போது? இங்கேதான் பொறியியலாளர்கள் இரண்டு தந்திரம் செய்தார்கள். முதலாவது, உள்ளே ஒரு மின்தேக்கியை வைப்பது. பற்றரி இல்லாத சின்ன இடைவெளியில் அது கையிருப்பைச் செலவழித்துக் காப்பாற்றும். கணக்குப் பார்க்கலாம். 3 வோல்ற்றில் நிரம்பிய 100 மைக்றோபராட் மின்தேக்கி, 1 மைக்றோஅம்பியர் வீதம் செலவழித்தால், 2 வோல்ற்றுக்கு இறங்க 100 செக்கன் பிடிக்கும். ஒரு நிமிடமும் நாற்பது செக்கனும். அதற்குள் பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டுவிட வேண்டும். பொத்தான் பற்றரி கட்டிலுக்குக் கீழே உருண்டு போனால் கதை முடிந்தது.

இரண்டாவது தந்திரம் இன்னும் கெட்டித்தனமானது. இரண்டு பற்றரி. பெரிய வேலைகளுக்கு நாலு மெல்லிய பென்ரோச் பற்றரி. அவற்றைக் கழற்றும் நேரத்தில் நினைவை மட்டும் பிடித்துக்கொண்டிருக்க, தனியாக ஒரு லிதியம் பொத்தான். 1993 இல் வந்த ரெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸின் ரிஐ-82, 1996 இல் வந்த ரிஐ-83 இரண்டிலும் இதுதான் ஒழுங்கு. பொத்தானின் பெயர் சி.ஆர் 1616 அல்லது சி.ஆர் 1620. அந்த இலக்கங்களுக்கு அர்த்தம் உண்டு. முதல் இரண்டும் விட்டம், 16 மில்லிமீற்றர். பின்னிரண்டும் தடிப்பு, 1.6 அல்லது 2.0 மில்லிமீற்றர். மணிக்கூட்டிலும் கணினியிலும் வரும் சி.ஆர் 2032 என்றால் 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. இப்படி இரண்டு பற்றரி உள்ள எந்தக் கருவியானாலும் கையேட்டில் கொட்டை எழுத்தில் ஒரு சட்டம் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றாதே. ஒன்று வெளியே வந்தால் மற்றது உள்ளே இருக்க வேண்டும்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

1997 ஆம் வருடம் கார்ஜ் லே கொனெஸில் நாலாம் மாடி அறையொன்றில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். லிப்ட் வேலை செய்யாது. எங்களில் மூத்தவர் வலிகாமத்தைச் சேர்ந்த அண்ணர் ஒருவர். றெஸ்ரோறன்ற்றில் கோப்பை கழுவினார். அவர் கையில் கசியோ மணிக்கூடு ஒன்று இருந்தது. கசியோ 1984 இலிருந்தே தொலைபேசி இலக்கங்களைப் பதிந்து வைக்கும் மணிக்கூடுகளை விற்றுவந்தது. அண்ணரின் மணிக்கூட்டுக்குள் இருபத்தைந்து முப்பது இலக்கங்கள் இருந்தன. அதை அவர் ஆசைக்கு வாங்கவில்லை. ஏஜென்சிக்காரன் பாங்கொக்கில் வைத்திருந்த நாட்களில் போட்ட கட்டளை அது. கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கக்கூடாது. விலாசமோ இலக்கமோ பிடிபட்டால் போகிற பாதை முழுவதும் பிடிபடும். விமான நிலையத்தில் பொக்கற்றைத் தட்டிப் பார்ப்பான், சப்பாத்தைக் கழற்றிப் பார்ப்பான், மணிக்கூட்டின் பொத்தானை அமத்திப் பார்க்க மாட்டான். ஆகவே அண்ணரின் சொந்தபந்தம் முழுவதும், கனடா தங்கச்சி, ஜெர்மனி மாமா, வவுனியாக் கடை, எல்லாம் அவரது இடது மணிக்கட்டில் குடியிருந்தன. 1996 ஐப்பசி 18 ஆம் திகதி பிரான்சில் எல்லாத் தொலைபேசி இலக்கங்களும் எட்டிலிருந்து பத்து இலக்கமாக மாறியபோது, அன்றிரவே உட்கார்ந்து பாரிஸ் ஆட்களின் இலக்கங்களுக்கு முன்னால் 01 சேர்த்தார். வெளிநாட்டுக்கு எடுக்கும் 19 ஐ 00 ஆக மாற்றினார். அவ்வளவு கவனம்.

1995 ஐப்பசி 30 இல் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது அவருடைய தாயும் வெளிக்கிட்டார். கடைசியில் வன்னிக்குள், மல்லாவியில் மகளோடு இருந்தார். வன்னியில் தொலைபேசி கிடையாது. பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் வவுனியாவுக்கு வர வேண்டும். அதற்கு இயக்கத்திடம் ஒரு பாஸ், இராணுவத்திடம் ஒரு பாஸ். கண்ணில் வருத்தம், வைத்தியரிடம் காட்டவேண்டும் என்று சொல்லி அந்த மனுசி மூன்று நாள் பாஸ் எடுத்தார். கடிதம் யாரோ ஒருவரின் கையில் கொழும்பு வந்து, அங்கிருந்து தபாலில் கார்ஜுக்கு வந்தது. சித்திரை வருசத்துக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு வவுனியாக் கடையில் இருப்பேன், எடு. அன்றைய கணக்கில் எங்களுக்கும் இலங்கைக்கும் நாலு மணித்தியால வித்தியாசம். இங்கே மத்தியானம் 12 மணி.

அந்தக் கிழமை மணிக்கூட்டின் எழுத்து மங்கத் தொடங்கியது. அண்ணர் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை பார்த்து இது செத்துப்போனால் என்ன செய்வது? இலக்கத்தைக் காப்பாற்றுவதற்காகவே வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது ஒரு மணிக்கூடு திருத்துபவரிடம் கொடுத்தார். பத்து பிராங்க். இரண்டு நிமிட வேலை. அந்த மனுசன் பின்மூடியைக் கழற்றினான், பழைய பொத்தானை எடுத்தான், புதியதைப் போட்டான், நேரத்தைக்கூடச் சரியாக வைத்துக் கொடுத்தான். எழுத்து கறுகறுவென்று அழகாகத் தெரிந்தது. அண்ணர் சந்தோசமாக றெயிலில் ஏறினார். கார்ஜ் சார்செல் ஸ்ரேசன் வருவதற்கு முதல் பொத்தானை அமத்திப் பார்த்தார். உள்ளே ஒரு இலக்கமும் இல்லை.

திருத்தியவனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவன் மணிக்கூட்டுக்குப் பற்றரி மாற்றினான். அது மணிக்கூடு மட்டுமல்ல என்பது அவனுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. அண்ணருக்கும் தெரிய நியாயமில்லை. அவ்வளவு சின்ன உடம்புக்குள் இரண்டாவது பொத்தானுக்கு எங்கே இடம்?

அன்றிரவும் சனிக்கிழமையும் அறை முழுவதும் தேடினோம். கனடா இலக்கமும் அதற்குள், ஜெர்மனி இலக்கமும் அதற்குள். ஆளுக்காள் தெரிந்தவர்களுக்கு எடுத்து, அவர்கள் வேறு தெரிந்தவர்களுக்கு எடுத்து, சனி இரவு ஜெர்மனி மாமாவின் இலக்கம் கிடைத்தது. மாமாவிடம் வவுனியா இலக்கம் இல்லை. தொலைபேசி விசாரணைக்கு எடுத்தால் கடையின் பெயரைக் கேட்டார்கள். அண்ணருக்குத் தெரிந்தது முதலாளியின் பட்டப் பெயர் மட்டும். வவுனியாவில் அப்போது தொலைபேசி வைத்துத் தொழில்செய்த கடைகள் எத்தனையோ. ஞாயிறு 12 மணிக்கு அண்ணர் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். நாங்கள் ஐந்து பேரும் அறைக்கு வெளியே போய்விட்டோம். போகும்போது பார்த்தேன். மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார்.

தாய் அங்கே காத்திருந்திருக்கிறார். ஞாயிறு, திங்கள், செவ்வாய். பாஸ் முடிந்தது, திரும்பிப் போனார். ஒரு மாதம் கழித்து, 1997 வைகாசி 13 ஆம் திகதி ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கியது. பாதை மூடப்பட்டது, வேறிடத்தில் திறந்தது, திரும்ப மூடப்பட்டது. தாயிடமிருந்து அடுத்த கடிதம் வர ஏழு மாதம் எடுத்தது. உன்னைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்களோ என்று எழுதியிருந்தார். மகன் பதில் எழுதினார். கடிதங்கள் அப்படி இப்படி வந்தன, போயின. ஆனால் குரல் வரவில்லை. 2002 மாசியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஏ9 பாதை திறந்த பிறகுதான் அம்மாவின் குரல் வந்தது.

என்ன கதைத்தவ என்று அண்ணரிடம் கேட்டேன்.

“ஒண்டுமில்லையடாப்பா. அந்தக் கடைக்காரன் மூண்டு நாளும் தன்னை எழும்பச் சொல்லேல்லையாம், பிளேன்ரீயும் தந்தவனாம். நல்ல மனுசன், அவனுக்கு ஏதாவது அனுப்பிவிடு எண்டா.”

ஐந்து வருடம் கழித்து அந்தத் தாய் சொன்ன முதல் விசயம் ஒரு கடைக்காரனுக்குப் பட்ட கடன்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எங்கள் அறையில் ஒரு பழக்கம் வந்தது. கதவுக்குப் பின்பக்கச் சுவரில் ஆறு பேருடைய முக்கியமான இலக்கங்களும் பேனையால் எழுதப்பட்டன. வீட்டுக்காரன் பார்த்தால் சண்டை பிடிப்பான் என்று அதற்கு மேல் முருகன் கலண்டர் ஒன்றைத் தொங்கவிட்டோம். அறையை விட்டு வெளிக்கிடும்போது கொப்பியில் பார்த்தெழுதிக்கொண்டுதான் சுவருக்குப் பெயின்ற் அடித்தோம்.

இந்தக் கதையைத் தெரிந்ததாலோ என்னவோ, பற்றரி மாற்றுவதென்றால் எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள் என்னைத் தேடி வருவார்கள். 2011 இல் அண்ணனின் மகள் லீசேயில் படித்தபோது ஒருநாள் கல்குலேற்றரோடு வந்தாள். தமையன் பாவித்த பழைய ரிஐ-82 வகை. அவன் எழுதிய சமன்பாட்டுக் கட்டளைகளும் அவள் எழுதியவையும் உள்ளே இருந்தன. அடுத்தநாள் சோதனை.

“சித்தப்பா, பற்றரி மாத்தினா எல்லாம் போயிடுமோ?”

“முதல்ல நிப்பாட்டு. பின்னால மூடியைத் திற. அந்தச் சின்னப் பொத்தானைத் தொடாத.”

நாலு பென்ரோச்சையும் மாற்றினோம். போட்டுப் பார்த்தோம். எல்லாம் இருந்தது. பிறகு திரும்ப நிறுத்தி, பெரிய பற்றரிகள் உள்ளே இருக்கத்தக்கதாகப் பொத்தானை மாற்றினோம். அந்தப் பொத்தானுக்கு ஆயுள் மூன்று நாலு வருடம்தான். பெரும்பாலானவர்கள் அதை மறந்துவிடுவார்கள். காவலாளி செத்துக் கிடப்பது முதலாளி ஊருக்குப் போகும் அன்றைக்குத்தான் தெரியவரும். கடைசியாக, சிநேகிதியின் கல்குலேற்றரை வாங்கி வந்து வயரால் இணைத்துக் கட்டளைகளை அதற்குள்ளும் ஒரு பிரதி ஏற்றச் சொன்னேன். “அதுதான் வேலை செய்யுதே, பிறகேன்?” என்றாள். வவுனியாக் கடையின் கதையைச் சொன்னேன். பேசாமல் வயரை எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது இந்தக் கேள்வியே மெல்ல மெல்ல இல்லாமற் போகிறது. ஜப்பானின் தோசிபா நிறுவனத்தில் வேலைசெய்த புஜியோ மசுஒக்கா 1984 இல் உலகத்துக்கு அறிவித்த பிளாஷ் நினைவகம் எல்லாவற்றுக்குள்ளும் வந்துவிட்டது. அதில் தகவல் பிடித்து வைக்கப்படுவதில்லை. நாலு பக்கமும் காப்பிட்ட ஒரு சின்ன அறைக்குள் இலத்திரன்களை அடைத்துப் பூட்டிவிடுகிறார்கள். சோறு தேவையில்லை, வருடக்கணக்கில் கிடக்கும். 1999 இல் வந்த ரிஐ-83 பிளஸில் களஞ்சியத்துக்கு அனுப்பிய கட்டளை எல்லாப் பற்றரியையும் கழற்றினாலும் அழியாது. இன்றைய கல்குலேற்றர்களில் சில கைத்தொலைபேசி மாதிரி வயரில் போட்டு மின்னேற்றுகிறவை.

ஞாபகம் அழியாது என்றானதும் அரசாங்கத்துக்கு வேறு பயம் வந்தது. பிள்ளைகள் சூத்திரங்களையும் பாடக் குறிப்புகளையும் கல்குலேற்றருக்குள் பதிந்து கொண்டுபோய்ப் பக்கலோறியாப் பரீட்சை எழுதுகிறார்கள் என்று. பிரெஞ்சுக் கல்வி அமைச்சு 2015 பங்குனியில் ஒரு சுற்றறிக்கை விட்டது. பரீட்சை முறை என்று ஒரு பொத்தான் அமத்தினால் உள்ளே இருக்கும் பழைய ஞாபகம் எல்லாம் எட்டாமற் போக வேண்டும், தலையில் ஒரு விளக்கு மின்னி மின்னிக் கண்காணிப்பாளருக்குக் காட்ட வேண்டும். சில மாதிரிகளில் பழையவை பூட்டப்பட்டுப் பரீட்சை முடிய மீண்டு வரும். சிலவற்றில் அழிந்தே போகும். அது இல்லாவிட்டால் நினைவகமே இல்லாத சின்ன வகுப்புக் கல்குலேற்றர் கொண்டு வா என்கிறார்கள். சட்டம் 2018 இலிருந்து என்றார்கள், இழுபட்டு இழுபட்டு நடைமுறைக்கு வந்தது.

அதே 2018 தை முதலாம் திகதியிலிருந்து லாச்சப்பல் கடைக்காரர்களுக்கு நேரெதிரான சட்டம். காசுப்பெட்டியில் கணக்குப் பதியும் மென்பொருள் எதையும் மறக்கக்கூடாது. பதிந்ததை மாற்ற முடியாததாக, பாதுகாப்பானதாக, சேமித்து வைக்கிறதாக இருக்க வேண்டும். விற்பனை வரி ஏய்ப்பைத் தடுக்க. ஒரே அரசாங்கம் பிள்ளையிடம் மற என்கிறது, தகப்பனிடம் மறக்காதே என்கிறது. இரண்டிலும் நியாயம் இல்லையென்று நான் சொல்லவில்லை. யாருடைய ஞாபகம் எப்போது அழியவேண்டும், எப்போது நிலைக்கவேண்டும் என்பதை முடிவுசெய்கிறவன்தான் அதிகாரம் உள்ளவன் என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. அகதி விண்ணப்பம் போட்டவர்கள் அத்தனை பேரும் ஒவ்ப்ராவில் ஒரு கதை எழுதிக் கொடுத்திருப்போம். நிராகரித்தால் மேன்முறையீட்டில் திரும்பச் சொல்ல வேண்டும். முதல் சொன்னதில் பிடித்தது ஆவணி, இப்போது சொல்வது புரட்டாதி, எது உண்மை? கேட்பவர்கள் மனிதனின் ஞாபகத்தைப் பிளாஷ் நினைவகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பூட்டி வைத்தது, திறந்தால் அப்படியே இருக்கும் என்று. அடிவாங்கி, ஊர்விட்டு, ஐந்து நாடு கடந்து வந்தவனின் ஞாபகம் அந்தப் பழைய ஆறு டிரான்சிஸ்டர் வகை. சோறு போடப் போடத்தான் நிற்கும். சொல்லச் சொல்லத்தான் இருக்கும். சொல்ல ஆளில்லாமல் சில வருடம் விட்டால், இருவரும் எழும்பி நிற்பார்கள், யார் நிமிர்ந்திருந்தது என்று தெரியாது. அதற்குப் பொய் என்று பெயரில்லை.

தனிமனிதனை விடுவோம். 1981 ஆனி முதலாம் திகதியோடு முடிந்த அந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 புத்தகங்கள் வரை போயின என்பார்கள். அச்சடித்த புத்தகத்துக்கு வேறெங்காவது இன்னொரு பிரதி இருந்திருக்கும். ஏட்டுச்சுவடிக்கும் கையெழுத்துப் பிரதிக்கும்? எங்களிடம் இரண்டாவது பொத்தான் இருக்கவில்லை. 2005 இல் தன்னார்வப் பிள்ளைகள் சேர்ந்து நூலகம் என்ற இணையத் தளத்தைத் தொடங்கி, ஈழத்துப் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாக வருடி ஏற்றத் தொடங்கினார்கள். எவ்வளவோ இலக்கியச் சண்டைகளுக்கு நடுவில் எங்கள் சமூகம் செய்த உருப்படியான வேலைகளில் அது ஒன்று. உங்கள் வீட்டுப் பரணில் பழைய மலரோ துண்டுப் பிரசுரமோ கிடந்தால் குப்பையில் போடுவதற்கு முதல் அவர்களைக் கேளுங்கள்.

கடைசியாக, வேலைக்கு உதவுகிற மாதிரிச் சில வார்த்தைகள். பற்றரி மாற்றுவதற்கு முதல் கருவியை நிறுத்துங்கள். இரண்டு வகைப் பற்றரி இருந்தால் ஒன்றை மாற்றிப் போட்டுச் சரிபார்த்த பிறகே மற்றதைத் தொடுங்கள். ஒன்றுதான் இருந்தால் புதியதைக் கையில் எடுத்து உறையைப் பிரித்து வைத்துவிட்டுப் பழையதைக் கழற்றுங்கள், அப்படிச் செய்தாலும் அழியும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அதற்கு முதல் உள்ளே இருப்பதைக் கடதாசியில் எழுதுங்கள். கைத்தொலைபேசிக்கும் இது பொருந்தும். மனைவியின் இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்லத் தெரியாத ஆம்பிளைகள்தான் இன்றைக்கு லாச்சப்பல் முழுவதும் நடமாடுகிறார்கள்.

இன்னொன்று. ஊரில் இருந்து வந்த கிழடுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. எந்த ஒழுங்கையில் யாருடைய வளவு இருந்தது, இடம்பெயர்ந்த அன்றைக்கு யார் யாரோடு நடந்தது, எந்தக் கோயிலடியில் யாரைப் புதைத்தது என்பதெல்லாம் அவர்களின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. லாச்சப்பலில் ஒரு கொப்பி வாங்கலாம். வாங்கிக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பக்கத்தில் இருங்கள். கேட்டு எழுதுங்கள். திகதி பிசகினால் சண்டை பிடிக்காமல் எழுதுங்கள்.